மெழுகும் சாயமும் வாங்கிய நிலம்

படம் வரைய மனசு எப்போது கூடிவரும் என்று கேட்டீர்களே, டீயைக் குடித்துக்கொண்டே சோழமண்டலத்தின் கதையைக் கேளுங்கள். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக இருக்கும் ஓவியர் கிராமம் அது. 1966இல் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர்; அப்போது சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர்.

அவரை ஒரு கவலை அரித்தது. கல்லூரியில் அருமையாக வரைந்த பிள்ளைகள் வெளியே போனதும் பிழைப்புக்காகத் தூரிகையை விட்டுவிடுகிறார்கள். கற்பனை வற்றிவிட்டது என்று நாம் சொல்வது, பல நேரம் வாடகைக்கும் அரிசிக்கும் ஓடிக் களைத்த உடம்பைத்தான். ஆகவே அவரும் மாணவர்களும் கைவினையில் இறங்கினார்கள். பாத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கிராமத்துக்கு நிலம் வாங்கினார்கள்.

பாத்திக் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். உருக்கிய மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். எந்த இடம் எந்த நிறத்தோடு நிற்கும் என்பதை முன்பே மனத்தில் கண்டாக வேண்டும். மெழுகு ஆறிப்போனால் துணியில் இறங்காது, மிஞ்சிச் சூடானால் பரவிவிடும். கை அங்கே, மனசு எங்கோ என்று இருக்க வழியே இல்லை. தியானத்தில் தேடுகிற அந்த ஒருமையைக் கைவேலை தானாகவே தந்துவிடும் என்று நம்புகிறேன். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து மயிரிழைக் கோடுகள் ஓடும். அவற்றை யாராலும் திட்டமிட்டு வரைய முடியாது.

ஆசிரியர் விஷயமும் இருக்கிறது. பணிக்கரின் ஆசிரியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். மாணவரோ கேரளத்தின் தென்னைகளையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கி, 1963 வாக்கில் எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு வந்து சேர்ந்தார். குருவின் சாயலை அதில் தேடினாலும் கிடைக்காது. அதுவே அந்த குருவுக்குப் பெருமை.

கிராமத்திலும் அப்படித்தான், ஒவ்வொருவரும் தன் வழியில் போனார்கள். எஸ்.ஜி. வாசுதேவ் ஓவியத்தோடு செம்புத் தகட்டைத் தட்டியும் படைப்புகளை உருவாக்கினார். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பத்துக்குப் போனார். 1977இல் பணிக்கர் மறைந்த பிறகும் கிராமம் தொடர்ந்து நடக்கிறது. அங்குள்ள காட்சிக்கூடத்தில் இவர்களின் படைப்புகளைப் பார்க்கலாம். அரை நாளாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.