குழந்தைகளின் காசநோய் நுரையீரல் உறை நீர்த்தேக்கமும் உயிர்க்குறிப்பான்களும்

காசநோய் நுரையீரல் உறை நீர்த்தேக்கம் என்பது, நுரையீரலைச் சூழ்ந்துள்ள இரட்டைச் சவ்வின் இடைவெளியில் காசநோய்த் தொற்றினால் நீர் சேரும் நிலை ஆகும். இது ஐந்து வயதைக் கடந்த குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. இந்நீரில் நோய்க்கிருமி அகப்படுவது அரிது. ஆகவே நீரிலுள்ள சில வேதிப்பொருட்களின் அளவைக் கொண்டு நோய் கணிக்கப்படுகிறது. இப்பொருட்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படுகின்றன.

நோய் உருவாகும் விதம்

காசநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை இராபர்ட் கோக் 1882 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இது முதன்முறை தொற்றிய சில மாதங்களில், நுரையீரலின் ஓரத்தில் உள்ள சிறு புண்ணிலிருந்து பாக்டீரியாவின் புரதங்கள் உறை இடைவெளியில் கசியக்கூடும். உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை எதிர்த்துக் கடுமையாக வினைபுரிவதால் அங்கு அழற்சி ஏற்பட்டு நீர் சேர்கிறது. காய்ச்சல், நெஞ்சுவலி, இருமல், மூச்சுத்திணறல் ஆகியன இதன் அறிகுறிகள்.

கிருமியைக் காண்பதில் உள்ள இடர்

நீர்த்தேக்கத்திற்குக் காரணம் பெரும்பாலும் எதிர்ப்பாற்றலின் வினையே என்பதால், நீரில் பாக்டீரியாக்கள் மிகக் குறைவாகவே இருக்கும். நுண்ணோக்கியில் நூற்றில் பத்துக்கும் குறைவான நோயாளிகளிடமே அவை தென்படுகின்றன. வளர்ப்புச் சோதனைக்குப் பல வாரங்கள் ஆகும். அதிலும் பலருக்குக் கிருமி கிடைப்பதில்லை. எக்ஸ்பெர்ட் என்னும் மரபணுச் சோதனையில் கிருமி தெரிந்தால் நோய் உறுதியாகும். தெரியாவிட்டால் நோய் இல்லை என்று கொள்ள இயலாது. ஊசி மூலம் சவ்வின் துணுக்கை எடுத்து ஆய்வது கூடுதல் பயன் தரும் எனினும், சிறு குழந்தைகளுக்கு அது எளிதன்று.

முக்கியமான குறிப்பான்கள்

அடினோசின் டிஅமினேசு என்பது அடினோசினை இனோசினாக மாற்றும் நொதியம் ஆகும். இவ்வினையில் அமோனியா வெளிப்படுகிறது. அதனை நிறமாற்ற வினையால் அளந்து நொதியத்தின் அளவைக் கணக்கிடலாம். இச்சோதனை மலிவானது, விரைவில் முடியக்கூடியது. லிட்டருக்கு 40 அலகுகள் என்பது பரவலாகப் பயன்படும் எல்லை அளவு. இந்நொதியத்தின் இரண்டாம் வகை, பெருவிழுங்கிகள் போன்ற எதிர்ப்பு உயிரணுக்களிலிருந்து வருவது. காசநோயில் மிகுவது பெரும்பாலும் இதுவே.

இன்டர்ஃபெரான்-காமா என்பது நிணவணுக்கள் சுரக்கும் புரதம். காசநோயைப் பிற நோய்களிலிருந்து பிரித்தறிய இது நன்கு உதவுகிறது. ஆயினும் சோதனைச் செலவு மிகுதி. இன்டர்லியூக்கின்-27 என்னும் புரதமும் ஆராயப்பட்டு வருகிறது.

குழந்தைகளில் கவனிக்க வேண்டியவை

இக்குறிப்பான்கள் கிருமியை நேரடியாகக் காட்டுவதில்லை. உடலின் எதிர்வினையையே காட்டுகின்றன. நிமோனியாவை அடுத்து உறையில் சீழ் கட்டும்போதும், நிணநீர்ப் புற்றுநோயிலும் அடினோசின் டிஅமினேசு உயரலாம். குழந்தைகளிடம் நிமோனியாவினால் நீர் சேர்வது பரவலாதலால் இவ்வேறுபாடு இன்றியமையாதது. காசநோய் நீரில் பொதுவாக நிணவணுக்களும், சீழில் நியூட்ரோஃபில்களும் மிகுந்திருக்கும். ஆனால் காசநோயின் தொடக்க நாட்களில் நியூட்ரோஃபில்கள் மிகுந்திருப்பதும் உண்டு.

ஒரே அளவு எல்லா இடங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு சோதனை காசநோய் உள்ள நூறு பேரில் 92 பேரைச் சரியாகக் காட்டுகிறது எனவும், காசநோய் இல்லாத நூறு பேரில் 90 பேரைச் சரியாக விலக்குகிறது எனவும் கொள்வோம். நீர்த்தேக்கம் உள்ள 1000 குழந்தைகளில் 500 பேருக்குக் காசநோய் இருப்பின், சோதனை 460 பேரைச் சரியாகவும் 50 பேரைத் தவறாகவும் நோயாளிகள் எனக் காட்டும். காசநோய் 50 பேருக்கு மட்டுமே இருப்பின், 46 பேரைச் சரியாகவும் 95 பேரைத் தவறாகவும் காட்டும். அதாவது, நோய் குறைவாக உள்ள இடத்தில், நோய் உண்டு எனக் காட்டப்படுவோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே அது உண்மையில் இருக்கும்.

எனவே குறிப்பானின் அளவுடன், வீட்டில் காசநோயாளி உள்ளாரா என்பது, தோல் சோதனை, மார்பு எக்ஸ்-கதிர்ப்படம், நீரிலுள்ள உயிரணுக்களின் வகை ஆகியவற்றையும் மருத்துவர்கள் சேர்த்துப் பார்க்கின்றனர்.

சிகிச்சையுடன் உள்ள தொடர்பு

தவறான முடிவு ஒரு குழந்தையைத் தேவையற்ற பல மாத மருந்துகளுக்கு உட்படுத்தலாம். அல்லது உண்மையான நோயைக் கவனியாது விட்டுவிடலாம். இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதங்கள். சிக்கலற்ற நீர்த்தேக்கம் உள்ளிட்ட கடுமையற்ற காசநோய்க்கு, 3 மாதம் முதல் 16 வயது வரையுள்ளோருக்கு நான்கு மாதச் சிகிச்சையை உலக சுகாதார அமைப்பு 2022 இல் பரிந்துரைத்தது. இதற்கு அடிப்படையான ஷைன் ஆய்வு, ஆப்பிரிக்க நாடுகள் மூன்றிலும் இந்தியாவிலும் நடந்தது. சென்னையும் ஆய்வு மையங்களுள் ஒன்று. குறிப்பான்களால் கிருமியின் மருந்து எதிர்ப்பை அறிய முடியாது. ஆதலால் அவற்றின் அளவு உயர்ந்திருந்தாலும், வளர்ப்புச் சோதனையையும் மரபணுச் சோதனையையும் கைவிடலாகாது.