கூட்டத்தை எதிர்த்து நிற்பது ஏன் கடினம்?

2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராகத் திருச்செங்கோட்டில் போராட்டம் வலுத்தது. அந்த நெருக்கடியில், நாவலை எழுதிய பெருமாள்முருகன் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார். கூட்டம் எதிர்த்தால் மனம் ஏன் தளர்கிறது?

2005இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கிரெகரி பெர்ன்ஸின் குழு, ஒரு சோதனையில் பங்கேற்றவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. மற்றவர்களின் தவறான விடையை மறுத்துத் தனித்து நின்றபோது, அச்ச உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா கூடுதலாக இயங்கியது. எனவே, தளர்ந்தவரைக் கோழை என்பது அநியாயம்.

1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ், தம் சோதனையில் பங்கேற்றவர்களிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். உடனிருந்தவர்கள் திட்டமிட்டுத் தவறாகச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு விடை அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலே அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது!

பெருமாள்முருகனுக்கும் அப்படி ஒரு துணை கிடைத்தது: 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது; அவர் மீண்டும் எழுதினார். உங்கள் ஊரில் யாராவது தனித்துப் பேசினால், இரண்டாவது குரலாக எழுங்கள்.