மூவாயிரம் அடிக் கணக்கு: ஸ்காட்லாந்தின் மலையேறிகள்

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல், அதாவது 914.4 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலைகள் 282. இவற்றுக்கு 'மன்றோ' என்பது பொதுப்பெயர். இவற்றில் மிக உயரமான பென் நெவிஸ்கூட 1,345 மீட்டர்தான். இமயமலைப் பகுதியில் இதைவிட உயரமான இடங்களில் ஊர்களே இருக்கின்றன. ஆனாலும் இந்த 282 மலைகளையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பலருக்கு அது இருபது, முப்பது ஆண்டுகள் பிடிக்கிறது. பரிசு, பதக்கம் எதுவும் கிடையாது. இந்தப் பழக்கத்தைத் தாங்கி நிற்பவை மூன்று: ஒரு பட்டியல், பூட்டில்லாத கல்வீடுகள், கூப்பிட்டால் நள்ளிரவிலும் வரும் மீட்புக் குழுக்கள். மூன்றையும் நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

பட்டியல் வந்த வழி

ஸ்காட்டிஷ் மௌண்டனியரிங் கிளப் 1889-ல் தொடங்கப்பட்டது. அப்போது நாட்டில் மூவாயிரம் அடியைத் தாண்டிய சிகரங்கள் முப்பதுக்குமேல் இருக்காது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். கிளப்பின் தொடக்ககால உறுப்பினரான சர் ஹியூ மன்றோ நில அளவைத் துறையின் வரைபடங்களை அலசி, காற்றழுத்தமானியைக் கையில் எடுத்துக்கொண்டு மலை மலையாக ஏறிச் சரிபார்த்தார். 1891-ல் கிளப்பின் இதழில் அவர் வெளியிட்ட அட்டவணையில் 538 சிகரங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 280 சிகரங்களைத் தனி மலைகள் என்றும், மற்றவற்றை அவற்றின் துணைச் சிகரங்கள் என்றும் அவர் பிரித்திருந்தார்.

தனி மலை எது, துணைச் சிகரம் எது என்பதற்கு மன்றோ திட்டவட்டமான அளவுகோல் எதையும் வைக்கவில்லை. இரண்டு உச்சிகளுக்கு இடையே எவ்வளவு இறக்கம், எவ்வளவு தூரம், நிலத்தின் தன்மை என்ன என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத் தீர்மானித்தார். இன்றும் அது கிளப்பின் முடிவுக்கே விடப்பட்டிருக்கிறது. ஆனால் உயரத்தில் சலுகை இல்லை. 2009-ல் செயற்கைக்கோள் கருவிகளால் மறுபடி அளந்தபோது ஒரு மலை ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்து பட்டியலை விட்டு வெளியேறியது. 2012-ல் வெளியேறிய இன்னொன்றுக்குக் குறைந்தது அரை மீட்டர்கூட இல்லை. இப்படித்தான் எண்ணிக்கை 282-ல் வந்து நின்றது.

பட்டியல் வெளிவந்து பத்தாண்டுகளில், 1901-ல், ஏ. ஈ. ராபர்ட்சன் என்ற பாதிரியார் அதை முதலில் முடித்தவராக அறியப்பட்டார். இரண்டாமவர் வர 1923 ஆயிற்று. அவரும் பாதிரியாரே: ரொனால்ட் பர்ன். மன்றோ தம் பட்டியலைத் தாமே முடிக்கவில்லை. 1919-ல் அவர் இறந்தபோது அவர் எட்டாமல் விட்டவற்றில் ஸ்கை தீவின் 'இன்னாக்செசிபிள் பினக்கிள்' ஒன்று. 986 மீட்டர் உயரத்தில், ஒரு மலைமுகட்டின் மேல் செங்குத்தாக நிற்கும் ஒல்லியான பாறைத் தகடு அது. 282-ல் கயிறு கட்டிப் பாறை ஏறியே தீர வேண்டிய மலை இது ஒன்றுதான். கை பிடிக்கவும் கால் வைக்கவும் நல்ல பிடிமானங்கள் உண்டு. ஆனால் இருபுறமும் அதலபாதாளம் என்பதால், நடந்தே பழகியவர்கள் பலர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு ஏறி, கயிற்றில் இறங்குகிறார்கள்.

வேகத்தில் ஆர்வம் கொண்டவர்கள் தனி வகை. 1974-ல் ஹேமிஷ் பிரவுன் எல்லா மன்றோக்களையும் ஒரே பயணமாக 112 நாட்களில் முடித்தார். 2023-ல் ஜேமி ஆரன்ஸ் என்ற பெண் ஓட்டம், சைக்கிள், துடுப்புப் படகு ஆகியவற்றை மட்டுமே கொண்டு 31 நாட்களும் சில மணி நேரமுமாக அதைச் சாதித்தார். பெரும்பாலானோருக்கு இந்த அவசரம் இல்லை. ஆண்டுக்குப் பத்து மலை என்றால்கூட இருபத்தெட்டு ஆண்டுகள் ஓடிவிடும்.

உயரம் குறைவு, கடுமை குறைவில்லை

ஸ்காட்லாந்தின் மலைநாடு வட அட்சம் 57 பாகையை ஒட்டி இருக்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது இந்த மலைகளின் மீதுதான். பென் நெவிஸ் உச்சியில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் பொழிகின்றன. ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கிறது. கெய்ர்ன்கோர்ம் உச்சியில் 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வேகத்தில், அதாவது 278 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. மழையில் நனைந்த உடல் மீது இத்தகைய காற்று அடித்தால், வெப்பநிலை உறைநிலைக்குமேல் இருந்தாலும் உடற்சூடு வேகமாக இறங்கிவிடும். இங்கே கோடையிலும் மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை மூன்றும் பையில் இருப்பது இதனால்தான்.

இந்த வானிலையைப் பதிவு செய்யவே பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஓர் ஆய்வகம் இயங்கியது. ஊழியர்கள் குளிர்காலத்திலும் அங்கேயே தங்கி மணிக்கொருமுறை அளவெடுத்தார்கள். 1894-ல் சி. டி. ஆர். வில்சன் என்ற இளம் இயற்பியலாளர் அங்கே இரண்டு வாரம் பணியாற்றினார். மேகத்தின் மீது விழும் நிழலைச் சுற்றித் தோன்றும் வண்ண வளையங்களைக் கண்டு, அவற்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முயன்றார். அந்த முயற்சி கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் முகில் அறையில் முடிந்தது. 1927-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குளிர்காலத்தின் நடுவில் பகல் ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. பனிக்கோடரியும் காலணியில் பூட்டும் இரும்பு முட்களும் இல்லாமல் அப்போது மேலே போவதில்லை. பனிச்சரிவு அபாயத்தைக் கணித்துச் சொல்லும் அரசு நிதியுதவி பெறும் சேவை ஒன்று குளிர்காலம் முழுவதும் அறிக்கை வெளியிடுகிறது. கோடையில் நிலைமை நேர்மாறு: இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் காற்று நின்றுவிட்டால் 'மிட்ஜ்' எனும் பொடி ஈக்கள் கூட்டமாகக் கடிக்கும். கூடாரம் போடுபவர்கள் காற்று வீசும் மேடான இடத்தைத் தேடுவது காட்சிக்காக மட்டும் அல்ல.

நேரமும் திசையும்

கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்கைச் சொன்னார். சமதளத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம்; அதோடு, ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைய அளவில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. பதினைந்து கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏற வேண்டிய மலைக்கு நாலரை மணி நேரம் என்று வரும். ஓய்வு, சாப்பாடு, சேறு, எதிர்க்காற்று எல்லாம் இதற்கு வெளியே. அனுபவசாலிகள் தங்கள் வேகத்துக்கு ஏற்றபடி கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்கிறார்கள்.

மேகம் இறங்கி எதிரே பத்தடிகூடத் தெரியாத நேரத்தில் வரைபடம், திசைகாட்டி, காலடி எண்ணிக்கை ஆகியவற்றை நம்பியே நடக்க வேண்டும். பென் நெவிஸ் உச்சியில் பனி மூடியிருக்கும்போது இறங்குவதற்கான கணக்கு மலையேறிகளிடையே மிகவும் பிரபலம்: வரைபட வடக்கிலிருந்து 231 பாகையில் 150 மீட்டர், பிறகு 282 பாகையில் திரும்பி நடக்க வேண்டும். வழி தவறினால் ஒருபுறம் வடக்குப் பாறைச்சுவரின் விளிம்பு, மறுபுறம் 'ஃபைவ் ஃபிங்கர் கல்லி' என்ற ஆழமான வெட்டுப்பள்ளம். கைப்பேசியில் வரைபடம் வந்த பிறகும் காகித வரைபடத்தைக் கைவிடாதவர்கள் அதிகம். குளிரில் பேட்டரி சட்டென இறங்கிவிடும்.

யாருக்குச் சொந்தமானது இந்தப் பொழுதுபோக்கு

தொடக்கத்தில் மலைக்குப் போனவர்கள் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், பாதிரிமார்கள். அவர்களின் கிளப்பில் பெண்களுக்கு இடமில்லாததால் ஜேன் இங்லிஸ் கிளார்க், அவர் மகள் மேபல், லூசி ஸ்மித் ஆகியோர் 1908-ல் பெண்களுக்கென ஒரு மலையேற்றக் கிளப்பைத் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஜேனின் மகன் சார்லஸ் நினைவாக, பென் நெவிஸின் வடக்குச் சுவருக்குக் கீழே கட்டப்பட்ட குடில் 1929-ல் திறக்கப்பட்டது. பனிக்கட்டியில் ஏறுபவர்களுக்கு அது இன்றும் முகாம்.

பெரும் மாற்றம் 1930-களில் வந்தது. பொருளாதார நெருக்கடியில் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் தளங்கள் முடங்கின. வேலையிழந்த இளைஞர்கள் கிளாஸ்கோவிலிருந்து நடந்தும், வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறியும் மலைகளுக்குப் போனார்கள். பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் தூங்கினார்கள். நகருக்கு வெளியே கிரெய்காலியன் ஏரிக்கரையில் அவர்கள் கூடிக் குளிர்காய்ந்த நெருப்பு இன்றும் பேசப்படுகிறது. அந்த இடத்தில் இப்போது நினைவுக்கல் இருக்கிறது. 1930-ல் உருவான 'க்ரீக் டூ' கிளப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்களே. மிகக் கடினமான பாறைத் தடங்கள் பலவற்றை அவர்கள் முதன்முதலில் ஏறினார்கள்.

இதே தலைமுறையைச் சேர்ந்த டபிள்யூ. எச். மர்ரே இரண்டாம் உலகப் போரில் கைதியாகி, முகாமில் கழிப்பறைத் தாளில் ஸ்காட்லாந்து மலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜெர்மானிய ரகசியப் போலீஸ் அதைப் பறித்துக்கொண்டது. அவர் மறுபடி முதலிலிருந்து எழுதினார். 1947-ல் வெளியான அந்த நூல் போருக்குப் பிந்தைய தலைமுறையை மலைக்கு இழுத்தது.

இன்றைய வழக்கம் வார இறுதியைச் சுற்றியே அமைகிறது. வாரத்தின் நடுவிலேயே மலைகளுக்கென வெளியாகும் வானிலை அறிக்கையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். மேற்கே மழை என்றால் கிழக்கே கெய்ர்ன்கோர்ம்ஸ், கிழக்கே புயல் என்றால் கிளென்கோ என்று திட்டம் கடைசி நேரத்தில் மாறும். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் புறப்பட்டால் கிளாஸ்கோவிலிருந்து இரண்டு இரண்டரை மணி நேரத்தில் கிளென்கோ போய்விடலாம். சனிக்கிழமை விடிந்ததும் நடை. பிளாஸ்கில் தேநீர், ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி, கொஞ்சம் சாக்லேட் இதுதான் பகலுணவு.

பூட்டில்லாத வீடுகள்

சாலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் மலைகளுக்கு ஒரே நாளில் போய்வர முடியாது. அங்கே உதவுபவை 'போத்தி' எனப்படும் கல்வீடுகள். ஆடு மேய்ப்பவர்களும் மான் வேட்டைக் காவலர்களும் ஒரு காலத்தில் குடியிருந்து, இருபதாம் நூற்றாண்டில் கைவிட்டுப் போனவை அவை. கூரை விழும் நிலையில் இருந்த இத்தகைய வீடுகளைக் காப்பாற்ற 1965-ல் மௌண்டன் போத்திஸ் அசோசியேஷன் உருவானது. இப்போது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் நூறு வீடுகளை அது பராமரிக்கிறது. வீடு நில உரிமையாளருக்கே சொந்தம். ஓடு மாற்றுவதும் சுவர் பூசுவதும் சங்கத்தின் தொண்டர்கள்.

கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. மின்சாரம், குழாய்த் தண்ணீர் கிடையாது. பெரும்பாலானவற்றில் கழிப்பறையும் கிடையாது. ஒரு மண்வெட்டி இருக்கும்: தண்ணீர் ஓடும் இடத்தையும் வீட்டையும் விட்டுத் தள்ளிப் போய்க் குழி தோண்ட வேண்டும். விறகையோ நிலக்கரியையோ தாமே சுமந்து வர வேண்டும். பச்சை மரத்தை வெட்டக் கூடாது. பெரிய கூட்டமாகப் போகக் கூடாது, குப்பையைத் திருப்பி எடுத்துவர வேண்டும், கிளம்பும்போது தீயை அணைத்துக் கதவைச் சாத்த வேண்டும். இடம் நிறைந்துவிட்டாலும் பிறகு வருபவரைத் திருப்பி அனுப்புவதில்லை. கண்காணிக்க ஆள் இல்லாமலே இந்த விதிகள் பெரும்பாலும் நடக்கின்றன.

நடக்கும் உரிமை

ஸ்காட்லாந்தின் மலைகளில் பெரும்பகுதி தனியார் எஸ்டேட்டுகளின் நிலம். ஆனாலும் அவற்றில் நடப்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நெடுங்கால வழக்கமாக இருந்ததை 2003-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் உரிமையாக்கியது. பிறர் வாழ்க்கையையும் நிலத்தையும் கெடுக்காமல் பொறுப்போடு நடந்துகொள்பவர் எவரும் அங்கே நடக்கலாம், சிறு கூடாரம் போட்டு இரவு தங்கலாம். வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவை விலக்கு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மான் வேட்டை மும்முரமாக நடக்கும்போது, அன்று எந்தச் சரிவில் வேட்டை என்று விசாரித்துப் பாதையை மாற்றிக்கொள்வது நெடுநாள் மலையேறிகளின் வழக்கம்.

மீட்பவர்கள்

மலையில் காலை உடைத்துக்கொண்டவர் 999-ஐ அழைத்துப் போலீஸையும், பிறகு மலை மீட்பையும் கேட்க வேண்டும். சமிக்ஞை கிடைக்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். வருபவர்கள் தச்சர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், கடைக்காரர்கள். எல்லோரும் அந்த வட்டாரத்தில் மலையேறிப் பழகிய தொண்டர்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கிளென்கோ குழுவை 1961-ல் உருவாக்கிய ஹேமிஷ் மக்கின்னஸ் மடக்கிச் சுமக்கத்தக்க தூக்குப்படுக்கை ஒன்றை வடிவமைத்தார். அது பல நாடுகளில் பயன்பட்டது. காணாமல் போனவர்களைத் தேடுவதற்கு நாய்களைப் பழக்கும் அமைப்பை ஸ்காட்லாந்தில் தொடங்கியவரும் அவரே.

முடித்த பிறகு

கடைசி மன்றோவை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து ஒதுக்கி வைப்பது வழக்கம். வயதான பெற்றோரும் குழந்தைகளும் உடன் வர வேண்டும் என்பதற்காகச் சிலர் எளிதான மலையை மிச்சம் வைக்கிறார்கள். படகில் கடந்து போக வேண்டிய மல் தீவின் பென் மோர் பலருக்குக் கடைசியாக அமைகிறது. உச்சியில் விஸ்கி அல்லது ஷாம்பெயின் திறக்கப்படும். பிறகு கிளப்பில் பட்டியலைப் பேணும் அலுவலருக்கு எழுதிப்போட்டால் பெயர் பதிவாகி ஒரு வரிசை எண் கிடைக்கும். சான்று எதுவும் கேட்பதில்லை. சொன்ன சொல்லே போதும். பதிவானவர்கள் 7,000-ஐத் தாண்டிவிட்டார்கள்.

அதன்பின் பலர் 2,500 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட 222 'கார்பெட்' மலைகளுக்குத் திரும்புகிறார்கள். அங்கே கூட்டம் குறைவு, பல இடங்களில் பாதையும் இல்லை. வேறு சிலர் மன்றோக்களை இரண்டாம் சுற்றாகத் தொடங்குகிறார்கள். பட்டியலும் அப்படியே நிற்பதில்லை: 1997-ல் எட்டு மலைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. முன்பே முடித்தவர்களின் பதிவு அதனால் செல்லாமல் போகவில்லை. ஆனாலும் அவர்களில் பலர் அந்த எட்டையும் ஏறக் கிளம்பினார்கள். துணைச் சிகரங்களையும் விடாமல் ஏறியிருந்தவர்களுக்கு மட்டும் அந்த வேலை மிச்சமாயிற்று.