வாளில் ஏன் ஓட்டை?

‘வோல்கோகிராட் சிலையின் வாளில் ஓட்டைகள் தெரிகின்றனவே, குண்டு துளைத்ததா?’ என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். படத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தவருக்கு முதலில் என் வணக்கம்.

வோல்கோகிராடின் அன்றைய பெயர் ஸ்டாலின்கிராட்; அந்த ஸ்டாலின்கிராட் போரின் கதையை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. 1942 ஜூலையில் தொடங்கி 200 நாள் நடந்த அந்தப் போரில் மாமயேவ் குன்று பலமுறை கைமாறியது. அதன் உச்சியில் 1967இல் எழுந்ததுதான் ‘தாய்நாடு அழைக்கிறது’ சிலை. ஏறிப்போகும் படிகளும் 200. சிற்பி யெவ்கேனி வுச்செடிச். கட்டுமானக் கணக்குப் போட்டவர், மாஸ்கோவின் ஒஸ்தான்கினோ கோபுரத்தை வடிவமைத்த நிக்கொலாய் நிகித்தின். வாள் நுனிவரை உயரம் 85 மீட்டர். அதில் வாள் மட்டும் 33.

கொலு முடிந்து பொம்மைகளைத் துணியில் சுற்றும்போது, சிறுவயதில் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்ப்பேன். உள்ளே ஒன்றும் இருக்காது. இந்தச் சிலையும் அப்படித்தான். கான்கிரீட் சுவரின் கனம் ஒரு முழம்கூட இல்லை, 25 முதல் 30 சென்டிமீட்டர். உள்ளே அறை அறையாகத் தடுத்து, எஃகு வடங்களால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று: சிலையை அடித்தளத்தோடு பிணைக்கவில்லை. எங்கள் பாட்டி வீட்டு ஆட்டுக்கல்லைப் போல, தன் கனத்தாலேயே நிற்கிறது.

இனி வாள். முதலில் வைத்தது துருவேறாத எஃகுச் சட்டத்தின்மேல் டைட்டானியத் தகடு போர்த்திய வாள். அந்த உயரத்தில் காற்று சும்மா இருக்குமா? தகடுகள் அதிர்ந்து ஓசையிட்டன. ஆடி மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே படுத்துத் தூக்கம் தொலைத்தவர்களுக்கு அந்தச் சத்தம் புரியும். 1972இல் அதைக் கழற்றிவிட்டு முழுக்க எஃகாலான வாளைப் பொருத்தினார்கள். காற்று புகுந்து போக அதில் துளைகள் விட்டார்கள். நம் தெருக்களில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுகிறவர்கள் நடுவே பிறைபிறையாகக் கீறிவிடுகிறார்களே, அதே உத்தி. குண்டு துளைக்கவில்லை அம்மா, காற்றுக்கு விட்ட வழி.

அந்த வாளின் பயணம்தான் என்னைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது. மூன்று ஊர்களில் உள்ள மூன்று நினைவுச்சின்னங்களை ஒரே வாளின் கதையாகச் சொல்வார்கள். உரால் மலையடிவாரத்து எஃகு நகரமான மாக்னிதோகோர்ஸ்கில் ஒரு தொழிலாளி வாளைச் சிப்பாயிடம் கொடுக்கிறார். வோல்கோகிராடில் அது ஓங்குகிறது. பெர்லினின் ட்ரெப்டோ பூங்காவில், உடைந்த ஸ்வஸ்திகாவின் மேல் நிற்கும் சிப்பாயின் கையில் தாழ்ந்திருக்கிறது. அவருடைய மறுகையில் ஒரு குழந்தை. கதையின் முடிவான பெர்லின் சிலைதான் முதலில், 1949இலேயே வந்தது. அதுவும் வுச்செடிச் செய்ததே. தொடக்கமான மாக்னிதோகோர்ஸ்க் சிலை 1979இல், அவர் இறந்த பிறகு வந்தது. நியூயார்க்கில் ஐ.நா. வளாகத்தில், வாளை அடித்துக் கலப்பைக் கொழுவாக்கும் மனிதனின் சிலை இருக்கிறதல்லவா? 1959இல் சோவியத் நாடு கொடுத்தது. அதைச் செய்ததும் இவர்தான்.

ஆகவே ஓங்கிய வாளை மட்டும் நறுக்கியெடுத்துச் சுவரொட்டியில் போட்டு வீரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம் வருகிறது. சிற்பியின் பேச்சைப் பாதியில் மறித்துவிடுகிறார்கள். அந்தக் குன்றில் 34,000க்கு மேற்பட்ட வீரர்கள் புதைந்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்துப் படமெடுக்கும் அவசரத்தில் கால் எங்கே படுகிறது என்று ஒரு கணமாவது நினைக்க வேண்டாமா?

உச்சிக்குப் போகும் வழியில் வுச்செடிச்சின் இன்னொரு தாய் இருக்கிறாள். செத்த மகனை மடியில் கிடத்திக் குனிந்திருக்கிறாள். மகனின் முகத்தைக் கொடி மூடியிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயும் தன் மகனென்று நினைத்துக்கொள்ளலாம். அவளைச் சுற்றிச் சிறு குளம். அடுத்த முறை அந்தக் குன்றின் முழுப் படம் கிடைத்தால், பெரிய சிலையின் கீழே அவளையும் தேடிப் பாருங்கள்.