ஊர்பேர் இல்லாத சொல்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பஸ் ஏறுகிறவர்கள், சமவெளியின் வயல்களைக் கடந்து அத்திமூர் வரும்வரையில் செல்போனைக் கையிலேயே வைத்திருப்பார்கள். அதற்கப்பால் பாதை மலையில் ஏறி வளையத் தொடங்கியதும், ஒரு வளைவில் சிக்னல் வருவதும் அடுத்த வளைவில் போய்விடுவதுமாக இருப்பதால், போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். மலைமேல் ஊர் வந்து, பஸ் நின்று, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்குகிற நிமிஷத்தில், அதுவரை வழியில் தடைப்பட்டுக் கிடந்த செய்திகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும் ஓசை நாலாபுறமும் கேட்கும். வேலைக்குப் போன மகன் அனுப்பிய குரல், பாங்கியின் அறிவிப்பு, பள்ளிக்கூடத்துத் தகவல் ஆகிய இவற்றோடு, யார் எழுதியது, எந்த ஊரில் நடந்தது, எந்த ஆண்டில் எடுத்த படம் என்று எதுவுமே தெரியாமல் பல கை மாறி வந்த செய்திகளும், அதே வரிசையில், அதே எழுத்தில், சமமான அந்தஸ்தோடு வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எனக்குக் கவலை அளிப்பவை இந்தக் கடைசி வகைச் செய்திகளே.

ஜவ்வாது மலையில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பான்மையோர் மலையாளி என்னும் பழங்குடி வகுப்பினர். பெயரைக் கண்டு கேரள தேசத்தாரோ என்று ஐயுற வேண்டாம், மலையில் வாழ்கிறவர்கள் என்பதே அதன் பொருள். சாமையும் கேழ்வரகும் விதைத்து, தேனும் புளியும் கடுக்காயும் சேகரித்து விற்று ஜீவனம் செய்யும் இந்தக் குடும்பங்களிலிருந்து, மலையில் வேலை இல்லாத பருவங்களில், ஆணும் பெண்ணுமாகப் பலர் அயல் மாநிலங்களின் தோட்ட வேலைக்கும், சமவெளி நகரங்களின் கூலி வேலைக்கும் போய்வருகிறார்கள். அப்படிப் போனவரின் குரலை வீட்டில் இருக்கும் தாய் கேட்பது செல்போனில்தான். நூறுநாள் வேலையின் சம்பளம் கணக்கில் ஏறிவிட்டது என்பதை அறிவதும், பிள்ளையின் படிப்புக்கு விண்ணப்பம் போடுவதும் அதன் வழியாகத்தான். ஆகையால், இணையத்தில் அபாயம் இருக்கிறது, அதை விட்டு ஒதுங்கி இருங்கள் என்று நகரத்திலிருந்து வந்து உபதேசம் செய்வது நியாயமன்று. குடிநீர்க் கிணற்றில் அழுக்குச் சேர்ந்தால் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டுமேயன்றி, தண்ணீரே குடிக்காதீர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த அழுக்கு எத்தகையது என்பதை, 2018-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி, மேலே சொன்ன அத்திமூரின் அருகிலேயே தமிழ்நாடு பிரத்தியட்சமாகக் கண்டது. சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார், மலேசியாவிலிருந்து வந்த உறவினரையும் அழைத்துக்கொண்டு, தங்கள் குலதெய்வத்தைத் தரிசிக்கக் காரில் வந்தார்கள். கடல் கடந்து போய் வாழ்கிறவனுக்கும், பட்டணத்தில் நாலைந்து வீடு மாறிவிட்டவனுக்கும், இன்ன ஊர் என் பூர்வீகம் என்று கைகாட்டுவதற்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த ஒரு கோவில்தான். வழி விசாரிப்பதற்காகக் காரை நிறுத்திய இடத்தில், அவர்களோடு வந்த அறுபது வயது கடந்த ஓர் அம்மாள், அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். வெளியூருக்குப் போகும்போது கைப்பையில் நாலு மிட்டாயைப் போட்டுக்கொண்டு போவதும், எதிர்ப்படும் பிள்ளைகளின் கையில் அதை வைத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதும் நம் வீட்டுப் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவருகிற காரியம். ஆனால் அதற்கு முந்திய சில வாரங்களாக, வடநாட்டிலிருந்து பிள்ளைபிடிக்கும் கும்பல்கள் வந்து இறங்கியிருப்பதாக, படங்களோடும் பதிவு செய்த குரலோடும், வாட்ஸப்பில் ஒரு வதந்தி வட மாவட்டங்கள் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைபிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்ற பேச்சுப் பரவி, கார் மறிக்கப்பட்டு, ஜனங்கள் கூடி, காரில் வந்தவர்கள் தமிழில் கதறிச் சொன்ன எதையும் கேளாமல் அடித்தார்கள். அந்த அம்மாள் உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதர் இதே சந்தேகத்தின் பேரில் கொல்லப்பட்டார்.

பின்னர்ப் போலீஸார் வந்து பலரைக் கைது செய்ததும், கைதுக்கு அஞ்சி ஆடவர்கள் ஓடிப்போனதால் அந்தப் பக்கத்துக் கிராமங்கள் வெறிச்சோடிக் கிடந்ததும் பத்திரிகைகளில் வந்தன. குற்றம் குற்றமே, அதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. என்றாலும், அடித்தவர்கள் அனைவரும் பிறவிக் கொடியவர்கள் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தன் பிள்ளைக்கு ஆபத்து என்று கேட்ட மாத்திரத்தில் பதறுவது பெற்ற வயிற்றின் இயல்பு. அந்தப் பதற்றத்துக்குள் பொய் புகுந்துகொண்டபோது, நல்ல மனிதர்களின் கையே கொலைக் கையாக ஆயிற்று.

அந்த ஆண்டு இந்தியா முழுவதும் பலருடைய போனில் வந்து போன ஒரு காணொளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பார்க்கிறவரின் நெஞ்சு துடிக்கும். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனம், பெற்றோரை எச்சரிப்பதற்காக 2016-இல் நடிகர்களைக் கொண்டு எடுத்த விளம்பரப் படம். அதன் முடிவில், தூக்கிச் சென்றவர்களே திரும்பி வந்து, குழந்தையைப் பத்திரமாக இறக்கிவிட்டு, உங்கள் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிய அறிவிப்பை விரித்துக் காட்டுகிறார்கள். யாரோ ஒருவர் அந்த முடிவை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சுற்றுக்கு விட்டார். அதே போல, சிரியா தேசத்தில் 2013-ஆம் ஆண்டு நச்சுவாயுத் தாக்குதலில் மாண்டுபோன குழந்தைகளின் படமும், பிள்ளைபிடிப்பவர்களால் கொல்லப்பட்டவர்கள் என்ற பொய்யைச் சுமந்துகொண்டு இங்கே வந்தது. படம் மெய், அது நடந்த ஊரும் நடந்த காரணமும் மறைக்கப்பட்டதே பொய்.

இந்த இடத்தில் நம் பழைய தலைமுறையார் செய்துவைத்த ஓர் ஏற்பாட்டை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தமிழில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும், எங்கோ ஒரு மூலையில், அச்சிட்டவர் இன்னார், வெளியிட்டவர் இன்னார், அச்சகம் இன்ன தெருவில் இருக்கிறது என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அந்த வரியைக் கட்டாயமாக்கியது. அன்னிய சர்க்கார் தன்னை விமர்சித்தவர்களைப் பிடிப்பதற்கும் அந்த வரியை உபயோகித்தது என்பது உண்மையே. ஆனால் படிக்கிறவனுக்கு அதனால் விளைந்த நன்மை வேறு. எழுதிய சொல்லுக்குப் பின்னால், நாளை போய்க் கதவைத் தட்டினால் பதில் சொல்வதற்கு ஒரு மனிதர் இருக்கிறார் என்ற உத்தரவாதத்தை அது கொடுத்தது. தபாலில் வந்த கடிதத்துக்கும் கையொப்பமும் முத்திரையும் உண்டு. ஊர்பேர் இல்லாமல் வருவதை மொட்டைக் கடுதாசி என்று இகழ்ந்து, அதைக் கொண்டு யார்மீதும் பழி சொல்லலாகாது என்று விவேகமுள்ள பெரியவர்கள் கிழித்துப் போட்டார்கள். செல்போனில் ஒரு செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடும்போது அது மொட்டைக் கடுதாசியாகவே போகிறது; ஆயினும் நம் அத்தை பெயரிலும் வாத்தியார் பெயரிலும் வந்து சேர்வதால், அவர்கள்மீது நமக்குள்ள விசுவாசம் முழுவதையும் அது இரவல் வாங்கிக்கொள்கிறது.

நானும் இதற்கு விலக்கல்ல. ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு அபூர்வமான வகை ரத்தம் அவசரமாகத் தேவை என்று வந்த செய்தியை, ஒரு நிமிஷமும் யோசிக்காமல் முப்பது பேருக்கு அனுப்பினேன். மறுநாள் நண்பர் ஒருவர் அதில் கண்ட எண்ணில் பேசியபோது, எதிர்முனையில் இருந்தவர், அந்தக் குழந்தை குணமாகி வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இன்னும் தினம் பத்துப் பேர் கூப்பிடுகிறீர்கள் என்று அழாத குறையாகச் சொன்னாராம். அனுப்புமுன் அந்த எண்ணில் ஒருமுறை நானே பேசியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

இனி, செய்தியைச் சுமந்து செல்லும் நிறுவனத்தின் பொறுப்பு. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸப்பில் போகும் ஒவ்வொரு செய்தியும், அனுப்புகிறவரின் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுகிறவரின் போனில் உள்ள சாவியால் மட்டுமே திறக்கப்படுகிறது. நடுவில் நிற்கும் நிறுவனத்தாலும் அதைப் படிக்க இயலாது. இந்தப் பூட்டு, கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதையும், நோயாளி டாக்டருக்கு எழுதுவதையும் காப்பாற்றுகிறது. வதந்தியையும் அதே பூட்டுத்தான் மூடி எடுத்துச் செல்கிறது. 2018 ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, மத்திய சர்க்கார் கண்டித்து எழுதியது. அந்த மாதத்திலேயே, கைமாறி வந்த செய்தி என்பதைக் காட்டும் அடையாளமும், இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்பாடும் அறிவிக்கப்பட்டன. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கே அனுப்பலாம் என்று அதை இறுக்கியபின், அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. யாருடைய கடிதத்தையும் பிரிக்காமல், ஓட்டத்தை மட்டும் தடுத்து, இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. அத்திமூருக்கு முன்பே இதைச் செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பூட்டையே உடைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதார் போன்ற அடையாளத்தை இணைக்க வேண்டும் என்று 2018-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அந்த விசாரணையில், முதன்முதலில் எழுதியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்ப முடியும் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி யோசனை கூற, பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதற்கு மறுப்புத் தெரிவித்தார். பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. 2021-இன் புதிய விதிகள் முதல் அனுப்புநரைக் கண்டுபிடித்துத் தரும்படி நிறுவனங்களைப் பணித்தன. வாட்ஸப் அதை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், எல்லோர் வீட்டுக் கதவுக்கும் மாற்றுச்சாவி ஒன்றைச் செய்து ஓரிடத்தில் குவித்துவைப்பது திருடனைப் பிடிக்கும் வழியன்று. அந்தச் சாவிக்கொத்து யார் கைக்குப் போகும் என்று எவரும் பொறுப்பேற்க முடியாது. பொதுவிடத்தில் ஆயிரம் பேருக்குச் சொல்கிறவன் பெயரோடு சொல்லட்டும். வீட்டுக்குள் பேசுகிறவன் பூட்டிக்கொண்டே பேசட்டும்.

சட்டத்துக்கும் யந்திரத்துக்கும் எட்டாத ஓரிடம் இருக்கிறது. 2018 ஜூனில் திரிபுராவில், பிள்ளைபிடிக்கும் செய்தி பொய் என்று ஒலிபெருக்கியில் ஊர் ஊராக அறிவிக்கும்படி சர்க்கார் நியமித்த மனிதரையே, பிள்ளைபிடிக்க வந்தவர் என்று எண்ணி ஒரு கூட்டம் கொன்றுவிட்டது. சர்க்காரின் குரலைவிட அறிமுகமற்ற ஒரு குரலை ஜனங்கள் அதிகமாக நம்பும் நிலை எப்படி வந்தது என்பதை அதிகாரிகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகள் தாக்கப்படுவதாக வேறிடத்துக் காணொளிகள் வட மாநிலங்களில் பரவியபோது, போலீஸார் தாமதமின்றி ஒவ்வொன்றாக மறுத்தும், பீகாரிலிருந்து வந்த அதிகாரிகளை அழைத்துச் சென்று நேரில் காட்டியும் நிலைமையைச் சமாளித்தார்கள். அந்தத் தடவை அயலாராக நின்று அஞ்சியவர்கள் பீகார் தொழிலாளிகள். கூலிக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஜவ்வாது மலைக்காரர் அந்த அச்சத்தை அறிவார்.

பண மோசடியிலும் இதே சூத்திரம்தான் வேலை செய்கிறது: பாங்கியிலிருந்து பேசுகிறேன் என்று இரவல் பெயரில் ஒரு குரல், உடனே செய்யாவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்ற பதற்றம், அதற்குள் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கிவிடுவது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசினால், பணம் வேறு கணக்குகளுக்கு ஓடுமுன் மடக்கி நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஜமுனாமரத்தூர்க் கடைவீதியில் தேனும் சாமை அரிசியும் விற்கும் ஒரு கடையில் நின்றிருந்தேன். சுற்றிப்பார்க்க வந்த ஓர் இளைஞர் ஒரு பாட்டில் தேன் கேட்டு, முன்னே ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையைப் போனால் படம்பிடித்து, பச்சை நிறத்தில் சரியடையாளம் விழுந்த திரையைக் கடைக்கார அம்மாளிடம் திருப்பிக் காட்டினார். இதே பச்சைத் திரையைப் போலியாகக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் கடையில் வைத்திருக்கும் ஒலிப்பெட்டிக்குத் தனி சிம் உண்டு, வாங்குகிறவரின் போன் என்ன காட்டினாலும், பணம் உண்மையில் சேர்ந்த பிறகே அதற்குத் தகவல் வரும். சிக்னல் மந்தமாக இருந்ததால் பெட்டி மௌனமாக இருந்தது. "போயிடுச்சும்மா, பாருங்க," என்றார் இளைஞர். "நீங்க பொய் சொல்லமாட்டீங்க தம்பி. பெட்டி ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்படி உட்காருங்க," என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்ட அம்மாள், அந்த இடைவேளையில் பாட்டிலின் மூடியை இன்னொரு முறை இறுக்கி, காகிதத்தில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். பஸ் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். இளைஞர் எழுந்து வாசலைப் பார்த்தார். பிறகு பெட்டி, முந்நூறு ரூபாய் பெறப்பட்டது என்று உரக்கச் சொல்லியது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தேனை நீட்டினார்.