தேசப்படத்தில் இல்லாத வாசல்

மாத்தளை நகருக்கு அப்பால், தோட்டப் பிள்ளைகள் பயிலும் பாடசாலையொன்றிலே புவியியல் கற்பிக்கும் பேறு எனக்குப் பல்லாண்டுகளாக வாய்த்திருக்கிறது. ஒருநாள், ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட இடவிளக்கப்படத்தை மேசைமீது விரித்துச் சமவுயரக் கோடுகளை விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், இதிலே எங்கள் லயம் எங்கே?" என்று வினவினாள்.

அவளுடைய தோட்டத்தின் பெயர் இருந்தது, ஓடை இருந்தது, பாதையும் இருந்தது. லயத்தை மட்டும் என்னால் காட்ட இயலவில்லை. "இந்தப் படத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் அரைக் கிலோமீற்றர், பிள்ளை. சிறியவற்றுக்கெல்லாம் இதில் இடம் போதாது" என்றேன். விடை பொய்யன்று, ஆயினும் முழு விடையுமன்று என்பதை அவள் முகமே உணர்த்திற்று.

படம் வரைவோன் எதைக் காண விரும்புகிறானோ அதுவே படத்தில் ஏறும். இத்தீவின் வரலாறே இதற்குச் சான்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, பிறர் வாய்க்கேட்ட செய்திகளைக் கொண்டு 'தப்ரபேன்' என இலங்கையைக் குறித்தார். அவர் கணக்கின்படி வரைந்த படங்களில் நம் தீவு உண்மைப் பரப்பினும் பன்மடங்கு பெருத்துத் தோன்றுகிறது.

உள்நாட்டை நடந்தறிந்து எழுதியவர் றொபேட் நொக்ஸ். 1660இல் சிறைப்பட்ட இவ்வாங்கிலேயர், கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்தார். ஊரூராகப் பண்டம் விற்கும் சாக்கில் வழிகளை அறிந்துகொண்டு, 1679இல் வடக்கே காடு கடந்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவர் நூலிலே கண்டி இராச்சியத்தின் படமும் இடம்பெற்றது.

அதே மன்னார்க் கரையிலிருந்து, எதிர்த்திசையாக, 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் நடந்து வந்தனர். அரிப்பிலும் மன்னாரிலும் கரையிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு வந்து, கோப்பித் தோட்டங்களை நாடிச் சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். நொக்ஸ் நடந்த வழிக்கு நூலும் உண்டு, படமும் உண்டு. இவர்கள் விழுந்த இடங்களுக்கோ அடையாளக் குறி ஒன்றேனும் கிடையாது.

இடைக்காலத்தில் அளவைச் சங்கிலி ஆட்சியின் கருவியாயிற்று. ஆள்பதி பிரெடெரிக் நோர்த் காலத்தில், 1800 ஓகஸ்ட் 2ஆம் நாள் நில அளவைத் திணைக்களம் தோன்றிற்று. 1815இல் கண்டி வீழ்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ, காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன என்றது. சேனைப் பயிர் செய்த கிராமத்தவன் தன் உரிமைக்குச் சான்று காட்டவேண்டியவனானான். அளந்து எல்லை குறித்த காணி தோட்டக்காரருக்கு விலையாயிற்று. 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு நிலமிழந்த மனக்கசப்பும் காரணமாயிற்று என்பர் வரலாற்றாசிரியர். பின்னர் ஒரு மைலுக்கு ஓர் அங்குலமென நாடு முழுவதும் அளக்கப்பட்டது. 1897இல் தொடங்கிய அப்பணி 1924இல் நிறைவெய்தியது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவார்க்கு ஒன்று கூறுவேன். என் பழைய மாணவனொருவனுக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பு வந்தது. அவன் முகவரியில் தோட்டத்தின் பெயர் உண்டு, வீட்டிலக்கம் இல்லை. அதே பெயருடையார் மூவர் அத்தோட்டத்தில் வாழ்ந்தனர். கடிதம் கைமாறிக் கைமாறி அவனிடம் சேர்ந்தபோது, குறித்த நாள் கடந்து நான்கு நாட்களாகிவிட்டன. அவன் என்னெதிரே நின்று அக்கடிதத்தை மடித்து வைத்த விதம் இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை.

கடிதம் தவறினால் ஒரு வேலை போகும். எச்சரிக்கை தவறினால் உயிர் போகும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அச்சரிவு அபாயமானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். புதையுண்டோர் எத்தனை பேர் என்பதே பல நாட்கள் தெளிவுறவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையிலே எங்கள் மாத்தளை மாவட்டமும் மண்சரிவுக்குத் தப்பவில்லை.

கருவிகள் இல்லாமலில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயப் படங்களை வரைகிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மெப்' என்னும் பொதுப்படத்திலே, எவரும் தம் ஊரைத் தாமே குறிக்கலாம். ஆனால் செய்மதி கூரையைக் காணும். கூரையின் கீழ் வாழ்வோர் அவ்விடத்தை என்ன பெயரால் வழங்குகின்றனர் என்பதைக் காணாது. அதைச் சொல்ல வேண்டியவர் அங்கு வாழ்வோரே.

ஆகவே, அம்மாணவியின் வினாவை வகுப்புக்கே வேலையாகக் கொடுத்தேன். "அவரவர் லயத்தை நீங்களே வரைந்து வாருங்கள்" என்றேன். மறுவாரம் வந்த தாள்களிலே பீலி இருந்தது, பிரட்டுக்களம் இருந்தது, கொழுந்து மடுவமும் பிள்ளைமடுவமும் மாடசாமி கோயிலும் இருந்தன. ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கமிட்டிருந்தனர். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையின் தாளிலோ, லயத்தின் பின்புறத்திலிருந்து கோயில்வரை புள்ளிகளால் ஒரு கோடு சென்றது. விளக்கக் குறிப்பில் அதற்குப் பொருள் எழுதப்படவில்லை. "இது என்ன?" என்று கேட்டேன்.

"இரவில் பெருமழை வந்தால், அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஓடும் வழி, சேர்" என்றாள்.

எந்தத் திணைக்களத்தின் படத்திலும் அக்கோட்டை யான் கண்டதில்லை. அதன் பிரதியொன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் சேர்ப்பித்தேன். மற்றொன்று வகுப்பறைச் சுவரில், இடவிளக்கப்படத்தின் அருகே தொங்குகிறது. மாத்தளையை அடுத்த அலுவிகாரையிலேதான், வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திருமறைகள் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. நினைவில் மட்டும் வைத்திருந்தால் அழிந்துவிடுமென்று அஞ்சியே எழுதினர். நம் பிள்ளைகளின் நினைவிலுள்ள வழிகளுக்கும் அவ்வச்சம் பொருந்தும். மலைநாட்டு ஆசிரியப் பெருமக்களே, அடுத்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் வகுப்பிலும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பாருங்கள்.