காம்பார்: ஆறு தந்த பெயர், ஈயம் விட்டுச் சென்ற குளங்கள்

ஈப்போவிலிருந்து பழைய சாலையில் தெற்கே வந்தால் கோப்பேங்கைத் தாண்டி காம்பார். கிழக்கே மலை; மேற்கே வரிசையாகக் குளங்கள். பலர் இயற்கைக் காட்சி என்று படம் எடுக்கிறார்கள். அவை ஈயலம்பங்கள் தோண்டிப் போட்ட பள்ளங்கள். மழைநீர் நிரம்பிக் குளமாகிவிட்டன.

முன்பு மம்பாங் டி அவான் என்று அழைக்கப்பட்ட ஊர் இது. பக்கத்தில் ஓடும் காம்பார் ஆற்றின் பெயரே பிறகு நிலைத்தது. மலையில் பிறக்கும் இந்த ஆறு கிந்தா ஆற்றில் கலக்கிறது. கிந்தா பேராக் ஆற்றில் சேர்ந்து, தெலுக் இந்தானைக் கடந்து கடலுக்குப் போகிறது. மலைப்பாறையிலிருந்து பிரிந்த ஈயமணலைத் தண்ணீர்தான் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தது. சாதாரண மணலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியது. அதைத் தேடித்தான் ஊரே திரண்டது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் எஞ்சியிருந்த லம்பங்கள் பலவும் மூடப்பட்டன.

அதே மலைதான் போரையும் இங்கே இழுத்தது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை காம்பார் மேடுகளில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரைத் தடுத்து நின்றன. சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாய்ந்த போர் இது. ஜப்பானியர் தெலுக் இந்தான் பக்கம் ஆற்றுவழியே வந்திறங்கிப் பின்பக்கத்தை மிரட்டியதால்தான் படை பின்வாங்கியது.

ஈயத்துக்குக் காம்பாரில் அருங்காட்சியகம் இருக்கிறது. பால்மரம் வெட்டியவர்கள் கதைக்கு வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். தோட்டத் துண்டாடலில் எத்தனையோ பெயர்கள் வரைபடத்திலிருந்து போய்விட்டன. பல இடங்களில் லயம் இருந்ததற்கு மாரியம்மன் கோயில் மட்டுமே சாட்சி. துண்டாடலுக்கு எதிராகத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

பழைய பத்திரங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. காம்பார், பேராக்கின் பத்தாவது மாவட்டமானது 2009இல்தான். கோப்பேங்கும் மாலிம் நாவாரும் இப்போது இதற்குள் அடக்கம். அதற்கு முன் இவையெல்லாம் பத்து காஜாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிந்தா மாவட்டம். எனவே தாத்தாவின் நிலப் பத்திரத்தில் ‘காம்பார் மாவட்டம்’ என்று தேடினால் கிடைக்காது. கிந்தா என்றுதான் இருக்கும். பழைய பிறப்புப் பத்திரங்களில் பிறந்த இடத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். இன்று யாரும் சொல்லாத தோட்டத்தின் பெயர் அங்கே இருக்கக்கூடும்.